அபிப்பிராயம் என்னுடையது அல்ல

ஜூன் 9, ஞாயிறு

காலையில் டி.வி.யில் 'மேடை உனக்கே' மறுஒளிபரப்பு. பாட்டுப் போட்டி. ஒரு பெண் உச்ச ஸ்தாயியைத் தொட்டதும் நடுவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணீர் வருவதற்கு முன்பே கேமரா அங்கே போய்க் காத்திருந்தது. பாட்டு சுமார். கைதட்டல் வேறெங்கோ பதிவு செய்து ஒட்டியது.

இதை மைக்கில் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் ஓட்டியிருப்பேன். திருச்சியில் பல வருஷமாக மாலை நேர வானொலியில் எனக்கு அதுதான் வேலை. படம், ஆல்பம், சீரியல், எது வந்தாலும் பார்த்துவிட்டு, கேட்டுவிட்டு, மனதில் பட்டதைச் சொல்வது. நிகழ்ச்சிக்குப் பெயரே 'செழியன் சொல்றேன்'. ஏப்ரலில் தொண்டையில் புற்று என்று குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தடியில் ஒரு துளை. மூச்சு அது வழியாகத்தான். மூக்கும் வாயும் பார்வைக்கு இருக்கின்றன.

மனைவி மேகலாவிடம் பேச ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன். "சிலேட்டுல எழுதறத உடனே அழிச்சிடறீங்க. உங்க அபிப்பிராயத்தையெல்லாம் இதுல எழுதுங்க. உள்ளயே வச்சிருந்தா உங்களுக்கு ஆகாது" என்று இன்று இந்த நோட்டை வாங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அழுத்தம், கொதிநிலை எல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஜூன் 12, புதன்

'பச்சைத் தபால்' என்ற சென்னைப் பையன்களின் ராக் ஆல்பம், 'நாலாவது மாடி'. ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டேன். டிரம்ஸ் அதிகம். எல்லாப் பாட்டிலும் காதலி மாடியிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறாள். லிஃப்ட் இல்லாத கட்டடம் போல. கிட்டார்காரனுக்குக் கை நன்றாக ஓடுகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஒரு பாட்டு மட்டும் நன்றாக இருந்தது. அதில் பாடுகிறவன் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாயால் மூச்சை இழுப்பது கேட்கிறது. வழக்கமாக அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். இதில் விட்டுவைத்திருக்கிறார்கள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

துளையைச் சுத்தம் செய்தேன். அதை மூடும் துணியை மாற்றினேன். வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். வீட்டில் முயன்று பார்த்தேன். "மேகலா" என்றேன். மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து, "என்னங்க, எதை ஓட விட்டீங்க?" என்று கேட்டாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது.

கருவி பீரோவுக்குள் போய்விட்டது.

ஜூன் 27, வியாழன்

மேகலா 'மருமகள் வந்த நேரம்' பார்க்கும்போது நானும் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக ஓடுகிற சீரியல். இன்று மாமியார் ஒரு பால் தம்ளரைக் கையில் எடுத்தாள். மூன்று திசையிலிருந்து அவள் முகத்தைக் காட்டினார்கள். பால் மேசைக்குப் போய்ச் சேரவில்லை, அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

முன்பெல்லாம் இந்த அரை மணி நேரமும் நான் குறுக்கே பேசிக்கொண்டே இருப்பேன். "வாய மூடுங்க, வசனம் கேக்க மாட்டேங்குது" என்பாள். இன்று வசனம் முழுதும் தெளிவாகக் கேட்டது. நான் வழக்கமாக நக்கல் அடிக்கும் இடம் வரும்போதெல்லாம் அவள் என் பக்கம் லேசாகத் திரும்பினாள். விளம்பரம் வந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று எழுந்து போனாள்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்டேஷனிலிருந்து கௌசிக் வந்திருந்தான். இப்போது நிகழ்ச்சிப் பிரிவுக்கு அவன்தான் தலைவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், மரியாதை தெரிந்தவன். மடிக்கணினியை டைனிங் டேபிளில் வைத்தான்.

"சார், உங்க பழைய நிகழ்ச்சியெல்லாம் நம்மகிட்ட பத்திரமா இருக்கு. அதக் கொடுத்து ஒரு கம்பெனில உங்க குரல செஞ்சிருக்கோம். நீங்க டைப் பண்ணா அது பேசும். கேளுங்க."

ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான். "வணக்கம் திருச்சி, செழியன் சொல்றேன்" என்று நான் சொன்னேன். நான்தான். 'றே'யைக் கொஞ்சம் இழுக்கும் என் கெட்ட பழக்கம் உட்பட.

காபி கொண்டுவந்த மேகலா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தட்டைக் கௌசிக்தான் எழுந்து வாங்க வேண்டியிருந்தது.

"மேடம் போன்லயும் போட்டுத் தரேன். வீட்டுலயும் சார் பேசலாம்" என்றான்.

ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்திருந்தான். வாசித்தேன் என்று சொல்ல முடியாது. மேகலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

ஜூலை 15, திங்கள்

'செழியன் சொல்றேன்' இன்று மறுபடியும் ஒலிபரப்பானது. 'நாலாவது மாடி' பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். லிஃப்ட் இல்லாத கட்டடம் என்ற இடத்தில் அந்தக் குரல் நான் நிறுத்துவது போலவே சின்னதாக நிறுத்தியது. கீழ்வீட்டில் யாரோ சிரித்தது மாடிக்குக் கேட்டது.

மேகலா ரேடியோவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலேட்டில், "எப்படி?" என்று எழுதினேன்.

"உங்களுக்கு நல்ல பாட்டே பிடிக்காதா?" என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை. இரவுச் சாப்பாடு வரை நடந்தது. அவள் வாயால், நான் சாக்பீஸால்.

ஜூலை 26, வெள்ளி

துளைக்குப் பக்கத்தில் ஒரு தடிப்பு. துணி உரசியிருக்கும். காதுக்குள் வலி. ஃபேன் காற்று.

ஒரு பழைய பிரிட்டிஷ் ராக் குழுவின் நேரடிக் கச்சேரிப் பதிவு கேட்டேன். பாடகருக்கு வயதாகிவிட்டது. எட்டாத ஸ்வரங்களைக் கூட்டத்தைப் பாட வைத்துச் சமாளிக்கிறார். முன்பு கேட்டிருந்தால் ஏமாற்று வேலை என்று சொல்லியிருப்பேன். இதை ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பவில்லை.

இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத்தான் விழுங்க முடிகிறது. மாவு சரியில்லை போல.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேகலா பிடிவாதம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். வழக்கமான சோதனைதான்.

திரும்பும்போது ஆட்டோவில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாலக்கரை சிக்னலில் நின்றபோது என் குரல் வந்தது. "செழியன் சொல்றேன். 'இரும்புத் தோட்டம்' படம் குடும்பத்தோட பார்க்க வேண்டிய படம். மிஸ் பண்ணிடாதீங்க."

அந்தப் படம் இன்றுதான் ரிலீஸ். நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு வரியை நான் எழுதவும் இல்லை. 'மிஸ் பண்ணிடாதீங்க' என்ற வார்த்தையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

டிரைவர் சத்தத்தைக் கூட்டினார். "இந்தாளு லேசுல எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாப்ல மேடம். ரொம்ப நாளா காணோம், எங்கயோ போயிட்டாப்லன்னு நினைச்சேன். இவரே சொல்றாருன்னா ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிற வேண்டியதுதான்."

நான் முன்னால் குனிந்து அவர் தோளைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தார். என் வாய் அசைந்தது. கழுத்துத் துணி மூச்சில் படபடத்தது. அவர் பயந்துபோய், "சாருக்கு என்னம்மா, ஓரமா நிறுத்தட்டுமா?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க போங்க" என்றாள் மேகலா. என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு வீடு வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 10, சனி

கௌசிக்குக்கு எழுதிக் கேட்டேன். அவன் போன் செய்தான். மேகலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், அது விளம்பரப் பகுதி. ஒப்பந்தத்துலயே இருக்கு. குரல் மட்டும்தான் சார் உங்களோடது. அபிப்பிராயம் விளம்பரம் கொடுக்கறவங்களோடது. கேக்கறவங்களுக்கும் அது தெரியும்."

சிலேட்டில் எழுதி மேகலாவிடம் நீட்டினேன். அவள் வாசித்தாள்: "ஆட்டோ டிரைவருக்குத் தெரியல கௌசிக்."

அவன் நிதானமாகச் சொன்னான். "சார், உங்களுக்கு வேண்டாம்னா ரத்து பண்ணிடலாம். நான் சண்டை போட மாட்டேன். நீங்களும் மேடமும் கையெழுத்துப் போட்டு அனுப்பினா கம்பெனில மொத்தமா அழிச்சிடுவாங்க. ஆனா எல்லாம் ஒரே இடத்துலதான் இருக்கு. மேடம் போன்ல இருக்கறதும் போயிடும்."

பரவாயில்லை என்று எழுதினேன். மேகலா அதை வாசிக்கவில்லை. "அப்புறம் பேசறேன்ப்பா" என்று போனை வைத்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பார்க்காத படத்தைத் திட்டுவது நியாயம் இல்லை என்று 'இரும்புத் தோட்டம்' போனோம். பகல் காட்சி. கதாநாயகன் தோட்டத்தைக் காப்பாற்றுகிறான். யாரிடமிருந்து என்பது தெளிவாக இல்லை. வில்லன் ஆங்கிலத்தில் சிரிக்கிறான். ஒரு குழந்தையை இரண்டு பாட்டுக்கு நடுவே கொன்றுவிட்டு, அந்தச் சோகம் காய்வதற்குள் குத்துப்பாட்டு. அரங்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் நிறைய.

இடைவேளைக்கு முன்னால் எனக்குச் சளி அடைத்துக்கொண்டது. துளையிலிருந்து வரும் சத்தத்துக்கு முன்வரிசை திரும்பிப் பார்த்தது. வெளியே வந்துவிட்டோம். துணியில் கொஞ்சம் ரத்தம். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் அப்படி வரும்.

ஆகவே என் அபிப்பிராயம் பாதிப் படத்துக்குத்தான். பாடாவதி.

ஆகஸ்ட் 14, புதன்

ஸ்கேன் முடிவு. டாக்டர் என்னிடம் சத்து மாவு, தூக்கம், தைரியம் என்று பேசினார். அப்புறம், "நீங்க வெளிய உக்காருங்க சார், மேடம்கிட்ட மருந்து சொல்லணும்" என்றார்.

வரவேற்பறை டி.வி.யில் ஒரு சமையல் நிகழ்ச்சி. நடத்துகிறவர் எதை ருசி பார்த்தாலும் கண்ணை மூடுகிறார். உப்பைச் சாப்பிட்டாலும் மூடுவார். முழு நிகழ்ச்சியும் முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிட்டது. மேகலா வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"என்ன சொன்னார்?" என்று எழுதினேன்.

"மருந்த மாத்தியிருக்காரு."

மருந்துக் கடைக்குப் போகாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ரத்துக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டு அவள் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பல நாள் ஆகிறது. முதலில் பேனா இல்லை என்றாள். அப்புறம் பள்ளியில் தேர்வு என்றாள். இன்று, "எங்க வச்சேன்னு தெரியல, தேடிப் பாக்கறேன்" என்றாள். எதையும் தொலைக்காதவள்.

இதற்குள் என் குரல் ஒரு துணிக்கடையையும் இரண்டு படங்களையும் பாராட்டிவிட்டது. அவளிடம் சிலேட்டைக் காட்டினேன்: "நான் சம்பாதிச்சது அந்தப் பேர் ஒண்ணுதான். அதையும் வித்துட்டு இருக்காங்க. உனக்குப் புரியலயா?"

வாசித்தாள். ஈரத் துணியை எடுத்து அதை அவளே அழித்தாள். "கஞ்சி ஆறுது" என்றாள்.

இப்போது எல்லாமே கஞ்சிதான். அதுவும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மத்தியானம் தூங்கி எழுந்தேன். யாரோ பேசும் சத்தம். என் குரல்.

"மேகலா, கதவப் பூட்டிட்டியா?"

சமையலறையிலிருந்து வந்தது. போய் நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

"மேகலா, சாப்டியா?" என்று நான் கேட்டேன்.

"ம், சாப்டேன்" என்று சொல்லிப் பார்த்தாள். இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை, தட்டு கவிழ்த்தபடி இருந்தது. மறுபடி தட்டினாள்.

"லைட்ட அணைச்சிட்டுத் தூங்கு மேகலா. காலைல ஸ்கூல் இருக்கு."

புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

என் மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும் என்று துளையைக் கையால் பொத்திக்கொண்டேன். அதிக நேரம் பொத்த முடியாது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இதுவரை அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

மாலையில் எழுப்பினாள். அப்போதுதான் விழித்த மாதிரி எழுந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கௌசிக்குக்கு எழுதினேன். ரத்து வேண்டாம், தொடரட்டும் என்று.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். தற்காலிகம்.

மாலையில் கீழ்வீட்டு அம்மா வந்து, "சார் சொன்னாரேன்னு அந்தப் படம் போனோம்" என்று மேகலாவிடம் ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "நல்லாதான் இருந்துச்சு" என்று முடித்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர். நான் தலையாட்டினேன்.

இந்த ஊரில் என் பேச்சை நம்புகிறவர்கள் இனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடுவார்கள். அவர்கள் என்னைத் திட்டும்போது நான் இருக்க மாட்டேன் என்பது ஒரு வசதி. இந்த வரியை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

'மருமகள் வந்த நேரம்' ஓடிக்கொண்டிருந்தது. மேகலா சத்தத்தைக் குறைத்தாள். திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் போன்ல இருக்கற குரல நான் அப்பப்ப கேக்கறேன்."

தெரியும் என்று எழுதினேன்.

"எப்பலேருந்து?"

கையை மட்டும் அசைத்தேன்.

"டாக்டர் சொன்னது?"

அதுவும் தெரியும் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவள் அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள். "அது சரியா வரலங்க. நான் என்ன அடிக்கிறேனோ அததான் திருப்பிச் சொல்லுது. சாப்டியான்னு கேக்க வச்சா கேக்குது. ஒரு தடவ கூட குறுக்க பேச மாட்டேங்குது. நான் பாக்கற சீரியலக் கேவலமா பேசணும்னா அதையும் நான்தான் அடிக்கணும். எனக்கு அது வரல. உங்க மாதிரி எனக்குத் திட்ட வராது."

திரையில் மாமியார் கதவருகே நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். சிலேட்டை எடுத்தேன். "நான் எழுதித் தரேன்" என்று காட்டினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை முழுக்க எழுதுகிறேன். மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் அவள் அதைப் போனில் ஏற்றுகிறாள். சீரியல் சுலபம். வரப்போகும் கதையையும் திட்டலாம். இந்த மருமகளுக்கு நினைவு தப்பும், திரும்பி வரும். வில்லிக்கு ஓர் இரட்டைச் சகோதரி முளைப்பாள். கல்யாணம் நிற்கும். "இதுக்கா மேகலா அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்த?" என்று முடித்திருக்கிறேன். பாட்டுப் போட்டிக்கும் எழுதிவிட்டேன். எந்த வருஷத்துக்கும் பொருந்தும். ராக் ஆல்பங்களுக்கு எழுதவில்லை. நான் இல்லாமல் அவள் அதைக் கேட்கப் போவதில்லை.

நேற்று அவள் சொன்னாள்: "இதுல உங்களுக்குக் கொஞ்சம் கோபம் பத்தல." திருத்திக் கொடுத்தேன்.

எழுத்து கோணலாகப் போகிறது. வலி மருந்து கொடுத்தால் தூக்கம் வருகிறது. அதனால் எழுதி முடித்த பிறகு கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

"படத்துக்கு ஒண்ணும் எழுதலயே" என்றாள் மேகலா.

வராத படத்துக்கு என்ன எழுதுவது? யார் நடிப்பார்கள், என்ன கதை, ஒன்றும் தெரியாது. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷப் படங்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் இல்லை.

"தனியா தியேட்டருக்குப் போக எனக்குப் பிடிக்காது. நீங்க எழுதினாலும் போவேனான்னு தெரியல" என்றாள். குழாயில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது எழுதினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு போனை எடுத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினாள். என் குரல் அறைக்குள் சொன்னது:

"படம் ரொம்ப நல்லாருக்கு மேகலா. நான் பாத்துட்டேன். போயிட்டு வா."